முப்பத்தொண்ணாவது மிட்டாய்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மா எழுதுறேன். நீ சுகமா இருக்கணும், வேளாவேளைக்குச் சாப்பிட்டு நல்லாத் தூங்கணும். இங்க எங்க ரெண்டு பேருக்கும் உடம்புக்கு ஒண்ணும் இல்லை, அதை முதல் வரியிலேயே சொல்லிடுறேன், ஏன்னா மேல படிக்கப் படிக்க உனக்குப் பகீர்னு ஆகும், அப்பாவுக்குத்தான் என்னமோ ஆயிடுச்சுன்னு நினைச்சுடாதே. அவர் நல்லா இருக்கார், முன்னறையில உக்காந்து பழைய ரேடியோவைக் கழட்டிப் போட்டுக்கிட்டு மறுபடி மாட்டத் தெரியாம முழிச்சுக்கிட்டிருக்கார். போன்ல சொல்லியிருக்கலாமேன்னு நீ கேப்பே. எங்க சொல்றது? நீ கூப்பிட்டதும் அவர் ஸ்பீக்கரைப் போட்டுட்டு உங்க ஊர்ல மழையா வெயிலான்னு அரை மணி நேரம் விசாரிப்பார், மிச்சம் இருக்கிற ரெண்டு நிமிஷத்துல நான் என்னத்தைச் சொல்ல. அதோட நீயும் ஒண்ணும் ஆகலைல்ல விடும்மான்னு சொல்லிடுவே. யாராவது அப்படிச் சொல்லமாட்டாங்களான்னுதான் நானும் இந்த வாரம் பூரா ஏங்கிக்கிட்டிருந்தேன், சொல்லிட்டா வாயை மூடிக்கிட்டுச் சும்மா இருந்துடுவேன். அதுக்குப் பயந்துக்கிட்டுத்தான் எழுதுறேன்.

உன் வகுப்புக் குழந்தைங்களுக்குக் கடைசி நாள் அன்னிக்குக் குடுக்க மிட்டாய்ப் பெட்டி ஒண்ணு பண்ணி அனுப்பும்மா, கடையில வாங்கினது வேணாம், சின்ன வயசுல எனக்குப் பண்ணித் தருவியே அதே மாதிரின்னு நீ கேட்டப்போ எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா. இருபத்தெட்டுப் பிள்ளைங்க, கூட ரெண்டு சேத்து முப்பதுன்னு கணக்குப் போட்டேன். போன ஞாயித்துக்கிழமை காலையில சாப்பாட்டு மேஜையைத் துடைச்சுட்டு ஜன்னல் பக்கமா இழுத்துப் போட்டு உக்காந்தேன். மஞ்சள் கலர்ல கெட்டி அட்டை, கத்தியோட முதுகால கோடு இழுத்து மடிச்சேன், மூடிக்கு மட்டும் ரெண்டு நூல், அதான் கால் அங்குலம், கூட விட்டு வெட்டினேன், இல்லாட்டி பெட்டி மேல உக்காராது, நீ எட்டு வயசுல ஒரே அளவா வெட்டிட்டு மூடி போடலைன்னு அழுதியே அந்த மாதிரி ஆயிடும். நாலு மூலையும் பசை காய்ற வரைக்கும் துணி காயப்போடுற கிளிப் மாட்டி வச்சேன். பாக்க அம்சமா வந்துச்சு. அப்பா கூட வந்து மூடியைத் தூக்கித் தூக்கிப் பாத்துட்டு உன் அம்மாவுக்குக் கொழுப்பு இருந்தாலும் கை சுத்தம்னார்.

அந்தக் கைதான் பாப்பா இப்போ என்னைப் பயமுறுத்துது. ஆஸ்பத்திரி மருந்துக் கவுன்டர்ல முப்பத்தொரு வருஷம் பொடியும் மாத்திரையும் காகிதத்துல மடிச்சுக் குடுத்த கை. முன்னால காகிதமும் இருந்து, சின்னதா ஒரு பொருளும் இருந்துட்டா, நான் சொல்லாமலே அது மடிச்சுடும். நீங்க எல்லாம் இதைச் சொல்லி எவ்வளவு சிரிச்சிருக்கீங்க. அப்பாவோட சட்டைப் பட்டன், உன் பால் பல், ஒரு தடவை சித்தப்பா கழட்டி வச்ச மோதிரத்தையே மடிச்சு அலமாரியில போட்டுட்டேன், வீடே ரெண்டு நாள் தேடுச்சே. நானும் கூடச் சேந்து சிரிச்சேன். அப்போ அது சிரிப்பாத்தான் இருந்துச்சு.

ஞாயித்துக்கிழமைதான் அப்பாவோட ஒரு வாரத்து மாத்திரையை அட்டையிலேருந்து பிதுக்கி எடுத்து ஏழு குழி டப்பாவுல போட்டு வைப்பேன், அவருக்குக் கட்டை விரல் வலியில பிதுக்க முடியலை. அது எப்பவும் சமையலறையில நடக்கிற வேலை. அன்னிக்கு ஜன்னல் வெளிச்சம் நல்லா இருக்கே, எழுந்து போகணுமான்னு சோம்பேறித்தனம் பிடிச்சு, ஒரு சின்னத் தட்டுல ஏழு மாத்திரையையும் பிதுக்கி மிட்டாய்த் தட்டு பக்கத்துலயே வச்சுட்டேன். நெஞ்சுத் துடிப்பை மெதுவாக்குற மாத்திரை அது, ரோஸ் கலர், உருண்டை. நான் வாங்கின மிட்டாயும் ரோஸ் கலர், உருண்டை. கவுன்டருக்குப் புதுசா வேலைக்கு வர்ற பொண்ணுங்களை முதல் நாளே நிக்க வச்சு, ஒரு மேஜையில ஒரு மருந்துதான், ரெண்டாவது வந்தா முதல்லது உள்ள போகணும்னு அழ அழத் திட்டினவ நான். என் வீட்டு மேஜையில என்னைத் திட்ட ஆள் இல்லை.

மிட்டாயைக் காகிதத்துல வச்சு ரெண்டு பக்கமும் முறுக்கிக்கிட்டே அப்பாகிட்ட வாயாடிக்கிட்டிருந்தேன். நடுவுல அவர் எழுந்து போன நேரம் நம்ம மேல் வீட்டுப் பட்டாணி வந்துச்சு. உனக்குத் தெரியும்ல, தையல் கூடத்துல வேலை பாக்குறாளே அந்தப் பொண்ணோட அஞ்சு வயசுக் குட்டி, பட்டாணின்னு பேர் வச்சது உங்கப்பாதான். தினமும் சாயங்காலம் நாலு மணிக்குப் பள்ளிக்கூட வேன்ல வந்து இறங்குனா ஆறு மணிக்கு அவ அம்மா வர்ற வரைக்கும் நம்ம வீட்டுலதான் இருக்கும். மேஜை ஓரத்துல தாடையை வச்சுக்கிட்டு மிட்டாயையே பாத்துக்கிட்டு நின்னுச்சு, வாயைத் திறந்து கேக்கலை. முறுக்கின குவியல்லேருந்து ஒண்ணை எடுத்து நான்தான் குடுத்தேன். அதுக்குப் பதிலா இன்னொண்ணு முறுக்கி முப்பதைச் சரி பண்ணி, பெட்டியில அடுக்கி, மூடி ஓரத்துக்குப் பசையும் தடவி ஒட்டிட்டேன். அப்புறம் சாப்பாடு, பாத்திரம், ஒரு குட்டித் தூக்கம். மூணு மணிக்கு எழுந்து மாத்திரை டப்பாவை நிரப்ப உக்காந்தா ஆறுதான் இருக்கு. ஏழாவது குழி காலி.

கீழ விழுந்திருக்கும்னுதான் முதல்ல நினைச்சேன். மேஜைக்கு அடியில, பாய்க்கு அடியில, அப்பா செருப்புக்குள்ள எல்லாம் பாத்தேன். அட்டையை எடுத்து எண்ணுனேன், ஏழு குழியும் பிதுங்கித்தான் இருக்கு. அப்பாவைக் கேட்டா நான் எதுக்குடி நாளைக்கு மாத்திரையை இன்னிக்குத் தின்னப் போறேன்னு எரிஞ்சு விழுந்தார். அப்போதான் பாப்பா எனக்கு உறைச்சுது. அவ்வளவு அழகாப் பண்ணின பெட்டியை மூடியோட சேத்துக் கிழிச்சேன், முப்பதையும் ஒவ்வொண்ணாப் பிரிச்சேன், பிரிச்சதை எல்லாம் நுனி நாக்கால தொட்டுப் பாத்தேன். முப்பதும் மிட்டாய். அப்பா அப்பாடான்னு சொல்லிட்டு நாற்காலியில சாஞ்சார். எனக்கு அப்பாடான்னு சொல்ல முடியலை, ஏன்னா அவருக்குத் தெரியாது, பட்டாணிக்கு நான் குடுத்த முப்பத்தொண்ணாவது ஒண்ணு இருக்குன்னு.

மாடிப்படி எப்படி ஏறுனேன்னு இப்போ கேட்டாலும் தெரியலை. கதவைத் திறந்ததும் பட்டாணி எங்கேன்னேன். அவ அம்மா சிரிச்சுக்கிட்டே, சாப்பிட்டதும் தூங்கிட்டாம்மா, என்னைக்கும் பகல்ல தூங்காது, இன்னிக்கு என்னமோ அசந்து தூங்குதுன்னு சொன்னா. அந்த மாத்திரை அந்த வயசுப் பிள்ளையை என்ன பண்ணும்னு தெரிஞ்சவ நான், தெரியாம இருந்திருந்தா எவ்வளவோ மேல். நேரா உள்ள போய், பாயில கிடந்த குழந்தையோட மணிக்கட்டைப் பிடிச்சு உக்காந்துட்டேன். துடிப்பை எண்ணுறேன், எண்ணிக்கை தப்புது, மறுபடி எண்ணுறேன், என் துடிப்பா அது துடிப்பான்னே தெரியலை. நான் பிடிச்ச பிடியில அது முழிச்சுக்கிட்டு வீல்னு அழுதுச்சு. இத்தனை வருஷத்துல ஒரு குழந்தை அழுது நான் அவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை.

மிட்டாய் எங்க கண்ணுன்னு கேட்டேன். திருப்பி வாங்கத்தான் வந்திருக்கேன்னு நினைச்சுக்கிட்டுத் தலகாணிக்கு அடியில கையை விட்டுச்சு. ஆடற பல் ஒண்ணு இருக்கு, விழற வரைக்கும் மிட்டாயைத் தொட்டே பாருன்னு அவ அம்மா மிரட்டி வச்சிருக்கா, அதனால தின்னாம ஒளிச்சு வச்சிருக்கு. முறுக்கு பிரியாம அப்படியே இருந்துச்சு. குடு கண்ணு, அம்மாயி வேற தர்றேன்னு கையை நீட்டுனேன் பாரு, குடுத்துடக் கூடாதுன்னு காகிதத்தோட வாய்க்குள்ள போட்டு மூடிக்கிச்சு. நான் யோசிக்கவே இல்லை, தாடையை அமுக்கி வாய்க்குள்ள விரலை விட்டுத் தோண்டி எடுத்துட்டேன். நல்லா நறுக்குனு கடிச்சுது, ஆள்காட்டி விரல்ல இன்னும் தழும்பு இருக்கு. ஓரமாப் போய்த் திரும்பி நின்னு பிரிச்சுப் பாத்தேன். எச்சில்ல ஒரு ஓரம் நனைஞ்ச காகிதத்துக்குள்ள உங்கப்பாவோட மாத்திரை.

இதுக்கு மேலதான் நான் உன்கிட்ட சொல்ல வந்தது. இது வரைக்கும் நடந்தது தவறுதல்னு சொல்லலாம், அடுத்து நான் பண்ணது தவறுதல் இல்லை. என்னம்மா ஆச்சுன்னு அந்தப் பொண்ணு கேட்டா. எறும்பு ஏறின மிட்டாய், தெரியாமக் குடுத்துட்டேன்னு சொன்னேன். ஒரு எறும்புக்கா இவ்வளவு ஓட்டம், நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு வந்தீங்களே, தண்ணி குடிங்கம்மான்னு சொம்புல தண்ணி குடுத்தா பாரு, அதை வாங்கிக் குடிச்சேன். அன்னிக்குச் சாயங்காலம் நீ போன் பண்ணிப் பெட்டி ரெடியான்னு கேட்டப்போ பசை காயலைன்னேன். அதுவும் பொய்.

திங்கள், செவ்வாய், புதன் மூணு நாளும் நாலு மணிக்குப் பட்டாணி வந்துச்சு. விரல் வலிக்குதான்னு கேட்டுட்டு என் மடியில ஏறி உக்காந்துக்கிச்சு. எனக்கோ அது ஒரு தடவை இருமினாத் தூக்கிவாரிப் போடுது. அலமாரியை எல்லாம் பூட்டுனேன், பினாயில் பாட்டிலைப் பரண்ல ஏத்துனேன், அப்பாவோட கண்ணாடிக் கூட்டைக் கூடத் திறந்து பாத்தேன். ராத்திரி சாப்பாடு இறங்கலை. அப்பா, அதான் ஒண்ணும் ஆகலையே, இப்போப் போய்ச் சொன்னா அந்தப் பொண்ணு குழந்தையைக் கீழ அனுப்பாது, வேலைக்குப் போற பொண்ணு எங்க கொண்டு போய் விடும், நமக்கும்தான் வேற யாரு இருக்கான்னார். அவர் கண்ணு கலங்கிடுச்சு. பட்டாணி வர்ற ரெண்டு மணி நேரம்தான் இந்த வீட்டுல சத்தம் இருக்கு, எனக்கு மட்டும் அது தெரியாதா. ஆனா அந்த மூணு நாளும் அவ அம்மா ஆறு மணிக்கு வந்து, மேஜையில என்ன இருக்குன்னு ஒரு கண்ணு கூடப் பாக்காம, வர்றோம்மான்னு குழந்தையைக் கூட்டிக்கிட்டுப் போனா. அந்த நம்பிக்கையைத்தான் என்னால தாங்க முடியலை. என்னைப் பாத்து ஒரு ஆளாவது பயப்படணுமேன்னு இருந்துச்சு.

வியாழக்கிழமை அவ வேலைக்குப் போகாம வீட்டுல இருந்தா, மேல போய்ச் சொல்லிட்டேன். மாத்திரை பேரு, அது என்ன பண்ணும், எறும்புன்னு சொன்னது பொய், எதையும் விடலை. அவ மிஷின்ல ஏதோ தச்சுக்கிட்டிருந்தா, நிறுத்திட்டாளே தவிர கையைத் துணி மேலேருந்து எடுக்கலை. கத்துவா, என்னை நாலு வார்த்தை கேப்பான்னு தயாராப் போயிருந்தேன். ஞாயித்துக்கிழமையே ஏம்மா சொல்லலைன்னு மட்டும் கேட்டா. பயமா இருந்துச்சும்மான்னேன். எனக்கு இப்போ இருக்கிற மாதிரியான்னு கேட்டா. இறங்கி வந்துட்டேன்.

நேத்து வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு வேன் சத்தம் கேட்டுச்சு, குழந்தை வரலை. நாலரை ஆச்சு. அப்பா ரேடியோவோட ஆணி ஒண்ணைக் கையில வச்சுக்கிட்டு வாசலையே பாத்துக்கிட்டு உக்காந்திருந்தார். அஞ்சு மணி இருக்கும், படியில ரெண்டு ஜோடிக் கால் சத்தம். அவ அம்மா பாதி நாள் லீவு போட்டுட்டு வந்து, வேன்லேருந்து குழந்தையைத் தானே மேல கூட்டிக்கிட்டுப் போயிருக்கா. குழந்தையை வாசல்லயே நிக்க வச்சுட்டு உள்ள வந்தா. மேஜைக்குக் கிட்டப் போய் உள்ளங்கையால ஒரு ஓரத்துலேருந்து அடுத்த ஓரம் வரைக்கும் தடவிப் பாத்தா. குனிஞ்சு அடியில பாத்தா. நாற்காலியை நகத்திப் பாத்தா. பூட்டின அலமாரியை இழுத்துப் பாத்தா. நாங்க ரெண்டு பேரும் பரிட்சை எழுதுற பிள்ளைங்க மாதிரி நின்னோம். அப்புறம் வாசலைப் பாத்து, வா, போய் உக்காருன்னு குழந்தைகிட்ட சொன்னா. என்கிட்ட, கடையில கொஞ்சம் சாமான் வாங்கணும், ஆறு மணிக்கு வர்றேன், இனிமே தினமும் பாத்துட்டுத்தான் கூட்டிக்கிட்டுப் போவேன்னா. பாருடா கண்ணுன்னேன். அவ போனதும் மேஜையில தலையை வச்சு அழுதுட்டேன், பட்டாணி வந்து அந்தத் தழும்பை ஊதி விட்டுச்சு.

உனக்குப் புதுப் பெட்டி பண்ணியாச்சு, இந்தக் கடுதாசியோட சேந்து வரும். மேஜையில மிட்டாயைத் தவிர ஒரு குண்டூசி கூட இல்லாமப் பண்ணேன், அப்பா எதிர்ல உக்காந்து வாயைத் திறக்காமப் பாத்துக்கிட்டே இருந்தார், அவருக்கு அது எவ்வளவு கஷ்டம்னு உனக்கே தெரியும். இந்தத் தடவை காகிதம் வேணாம்னு கண்ணாடித்தாள்ல முறுக்கியிருக்கேன், உள்ள இருக்கிறது வெளியிலேருந்தே தெரியும். மூடியை ரெண்டு நூல் கூட விட்டு வெட்டியிருக்கேன், இழுக்காதே, மேல தூக்கு. குளிருக்குக் காதை மூடிக்கோ, வேலை வேலைன்னு பட்டினி கிடக்காதே. நீ நல்லா இருக்கணும், உன் கையில விட்டுட்டுப் போற அந்த இருபத்தெட்டு வீட்டுப் பிள்ளைங்களும் ஒரு கீறல் இல்லாம வீடு போய்ச் சேரணும், அதுதான் அம்மாவோட ஆசீர்வாதம், அப்பாவுதும்.

ஒண்ணு மறக்காதே. கண்ணாடித்தாளாச்சேன்னு அப்படியே எடுத்துக் குடுத்துடாதே. முப்பதையும் நீ உன் கையால பிரிச்சு, வெளிச்சத்துல ஒவ்வொண்ணாப் பாத்து, மறுபடி முறுக்கி, அப்புறம் குடு. எங்கம்மா மடிச்சதுன்னு யார்கிட்டயும் பெருமையாச் சொல்லாதே, நீயும் அதை நம்பாதே.

இப்படிக்கு,
உன் மேல உயிரையே வச்சிருக்கிற,
அம்மா