நம் ஒழுங்கையை மெதுவாக்கிய போட்

சம்மாட்டி,

இன்று காலை கடைக் கதவைத் திறக்கும்போது காற்றோடு ரெசின் மணம் வந்தது. கடற்கரைப் பக்கம் யாரோ மீன்பிடிப் பைபர் போட்டுக்கு ஒட்டுப் போடுகிறார்கள். மணம் மூக்கில் ஏறியதும் என் கண் உங்கள் வீட்டு மதிலோரம்தான் போனது. நீங்கள் போட்டைக் கவிழ்த்து வைத்திருந்த இடத்தில் இப்போது புல். நீங்கள் போன பிறகு மாரி மழையும் பெய்து ஓய்ந்துவிட்டதே, முளைக்காமல் என்ன செய்யும்.

நாம் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டதில்லை. மன்னாரிலிருந்து இடம்பெயர்ந்து வந்து, முகாம் வாசலில் வெங்காயம் கூறு வைத்து விற்றவன் நான். உங்களுக்கு அது தெரியும். தெரிந்தும், இந்த ஒடுங்கிய ஒழுங்கையில் கடை போட்ட அன்றே என்னை முதலாளி என்றீர்கள். பகிடி என்று நினைத்து நானும் சம்மாட்டி என்றேன். ஒரேயொரு போட் வைத்திருப்பவன் சம்மாட்டியென்றால், நாலு மூட்டை வைத்திருப்பவன் முதலாளிதானே என்று சிரித்தீர்கள். அதோடு அந்தப் பெயர்களே நிலைத்துவிட்டன.

ஒழுங்கைக்குத் தார் ஊற்றிக் காபட் போட்டபோது ஊரே சந்தோஷப்பட்டது. நானும்தான். வாகனம் கூடினால் யாவாரமும் கூடும் என்று உங்களிடம் சொன்னேன். 'பாப்பம்' என்றதோடு நிறுத்திக்கொண்டீர்கள். கொஞ்ச நாளில் போனில் இருக்கிற மேப்புக்கு நம் ஒழுங்கை தெரிந்துவிட்டது. கல்பிட்டி ரோட்டுச் சந்தியில் நெரிசலென்றால் மீன் லொறியும் ஹோட்டல் வேனும் நம் வாசலால்தான் பறந்தன. தலவில தேவாலயத் திருவிழாக் காலத்தில் பஸ்ஸும் சேர்ந்துகொண்டது. பறக்கிறவன் கடையில் நிற்பானா? பையோடு நடந்து வந்து, கொஞ்சம் கதைத்து, கேட்காத சாமானையும் வாங்கிப்போன பெண்கள்தான் வராமல் போனார்கள். கிரிக்கெட் அடித்த பிள்ளைகள் வீட்டுக்குள் போய்விட்டார்கள்.

என் மனைவியும் உங்கள் மனைவியான அக்காவும் அவரவர் வாசல் கேட்டடியில் குந்தி மீன் வெட்டிக்கொண்டே கதைப்பார்கள், நினைவிருக்கிறதா? ஹோன் சத்தத்தில் அதுவும் நின்றது. ஒருநாள் என் மனைவி கறிவேப்பிலை கேட்டு அக்காவுக்குப் போன் எடுத்தாள். நடுவில் நின்ற உங்களுக்கு இரண்டு பக்கக் கதையும் கேட்டது.

"முதலாளி, போனுக்கு ரீலோட் போட்டு முன்வீட்டோட கதைக்கிற ஊர் நம்மட ஊராத்தான் இருக்கும்."

நான் சிரித்தேன். நீங்கள் சிரிக்கவில்லை. அந்தக் கிழமைதான் பூசைக்குப் போய் வந்த அக்காவின் தோளை உரசுகிற மாதிரி ஒரு லொறி போயிருந்தது. அக்கா விழவில்லை. ஆனால் அதற்குப் பிறகு கேட்டைத் தாண்டி வெளியே வரவில்லை.

அந்தப் போன் கதைக்கு மறுநாள் நாலு பேரைப் பிடித்து போட்டை இழுத்து வந்து மதிலோரம் கவிழ்த்தீர்கள். திருத்த வேலையாம். கடைக்குச் சாமான் ஏற்றும் என் பிக்கப்பைக் கொஞ்சம் தள்ளி எதிர்ப் பக்கம் நிறுத்தச் சொன்னீர்கள். நான் காரணம் கேட்கவில்லை, பார்த்ததும் விளங்கியது. வருகிற வாகனம் போட்டுக்கு ஒரு நெளிவு, பிக்கப்புக்கு ஒரு நெளிவு நெளிய வேண்டும். நெளிகிறவன் பறக்க ஏலாது. போட்டில் இருந்ததோ உள்ளங்கை அளவு கீறல். பூசுவதும் பிறகு அதையே தேய்ப்பதுமாக எத்தனை மாதம் ஓட்டினீர்கள்.

பொலிஸ்காரர் வந்து கேட்டபோது, கடற்காற்றுக்கு ரெசின் காயுதில்லை சேர் என்று சிங்களத்தில் முகம் மாறாமல் சொன்னீர்கள். நான் சாமான் இறக்குகிறேன் என்றேன். அவர் போட்டைப் பார்த்தார், பிக்கப்பைப் பார்த்தார். தன் வீடும் இப்படியொரு ரோட்டில்தான் இருக்கிறது என்று சொல்லிவிட்டு மோட்டார் சைக்கிளைக் கிளப்பினார். மீன் கெட்டுப்போகும் என்று கத்திய லொறிக்காரனுக்கு நீங்கள் கொடுத்த பதிலை இன்றைக்கும் கடையில் சொல்லிச் சிரிக்கிறோம்.

"மீன் ஐஸிலதானே கிடக்குது தம்பி. அதுக்கில்லாத அவசரம் உனக்கென்ன?"

அக்கா திரும்பவும் கேட்டடிக்கு வந்தா. என் கடைக்கும் கால்நடையாக ஆள் வந்தது.

பிறகு உங்களுக்கு வருத்தம் வந்து, நோய் முற்றிப் போய்ச் சேர்ந்தீர்கள். இத்தாலிக்குப் போவதற்கு மகன் போட்டை விற்றான். அவனில் பிழையில்லை. என் பிக்கப் ஒன்றால் மட்டும் ரோட்டைப் பிடிக்க முடியவில்லை, பழைய மாதிரியே பறந்தார்கள். சிலாபத்திலிருந்து உங்கள் மகள் வந்தா. அம்மாவைக் கூட்டிக்கொண்டு போய்விட்டு வீட்டை டயர் கடைக்குக் கொடுக்கப் போவதாகச் சொன்னா. இந்த ரோட்டில் அம்மாவை எப்படி மாமா தனிய விடுறது என்று கேட்டா. நியாயமான கேள்வி. திருவிழா முடியுமட்டும் பொறு மகள் என்றேன்.

ஒழுங்கைக்காரர் எல்லாரையும் கூட்டிக்கொண்டு பிரதேச சபைக்குப் போனேன். அங்கேயோ ரோட்டை இன்னும் அகலமாக்குகிற கதை. அபிவிருத்தி வந்தால் முதலில் லாபம் கடைக்காரருக்குத்தான் என்று ஒரு அதிகாரி என்னைப் பார்த்தே சொன்னார்.

"சேர், நான் யாவாரி. லாபமென்றா முதல் ஆளா நானே கேட்டு வந்திருப்பன். ஓடுற வாகனத்துக்கு ஒண்டும் விக்க ஏலாது. நடக்கிற ஆளுக்குத்தான் விக்கலாம். நடக்கிற ஆளை இல்லாமலாக்கிற ரோட்டு எங்களுக்கு வேணாம்."

அதற்குப் பிறகும் பல தடவை அலைய வைத்தார்கள். நானும் விடவில்லை. கடைசியில் ஒழுங்கையின் இரண்டு தலைப்பிலும் வேகத்தைக் குறைக்கிற பம்ப் கட்டினார்கள், லொறிக்குத் தடை என்று பலகையும் நட்டார்கள். எல்லா லொறிக்காரனும் பலகையை மதிக்கிறான் என்று பொய் சொல்ல மாட்டேன். பம்ப்பை மதிக்காமல் இருக்க அவனால் ஏலாது.

திருவிழா முடிந்து மகள் வந்தபோது அக்கா வீட்டில் இல்லை. ரோட்டைத் தாண்டி என் கடைக்கு வந்து, செத்தல் மிளகாய் விலைக்கு என்னை ஏசிக்கொண்டிருந்தா. மகள் கேட்டடியில் நின்று ஒழுங்கையை நெடுநேரம் பார்த்தா. பிறகு உள்ளே போய்த் தேத்தண்ணிக்குக் கேத்தலை வைத்தா. டயர் கடைக் கதையை அதற்குப் பிறகு யாரும் எடுக்கவில்லை.

உங்களிடமிருந்து எனக்கு ஒட்டிக்கொண்டது ஒன்று உண்டு. வண்ணாத்திவில்லுப் பக்கம் கடைக்குக் கச்சான் கடலை எடுக்கப் போனாலும், வீடுகள் உள்ள ஒழுங்கைக்குள் பிக்கப் திரும்பியதும் கால் தன்பாட்டில் பிரேக்குக்குப் போகிறது. யார் வீட்டு அக்கா எந்தக் கேட்டைத் திறந்து வெளியே வரப்போகிறா என்று எனக்கென்ன தெரியும்? பின்னால் வருகிறவன் ஹோன் அடிப்பான். நான் கண்ணாடியில்கூடப் பார்ப்பதில்லை.