மூடாமல் வைத்த தட்டு

அருப்புக்கோட்டை
வியாழக்கிழமை

அன்பு மகள் தேவிபிரியாவுக்கு அம்மா எழுதுவது.

இங்கே நான் சுகம், இரத்த அழுத்தமும் சொன்ன பேச்சைக் கேட்டு அடங்கியிருக்கிறது. அங்கே உன் சுகத்தை நீ வாயால் சொல்ல வேண்டாம், மாப்பிள்ளை இரண்டு வரி எழுதினால் போதும். நீ பேசக் கூடாது என்று டாக்டர் சொன்ன பிறகு நான் போன் செய்வதில் அர்த்தமில்லை, நான் ஹலோ என்றால் நீ பதில் சொல்லாமல் இருக்க மாட்டாய், என் பெண்ணை எனக்குத் தெரியும். போனில் எழுத்துத் தட்டவும் எனக்குப் பொறுமை கிடையாது, நான் ஒன்றைத் தட்டினால் அது வேறொன்றாக மாறிக்கொள்கிறது. நம் வீட்டுக் கன்னடத்துக்கு எழுத்து நான் படித்ததில்லை, மதுரையில் சிஸ்டர்கள் பிரம்பை வைத்துக்கொண்டு சொல்லித்தந்த தமிழ்தான் எனக்குக் கை வரும். ஆகவே காகிதத்தில் எழுதுகிறேன், டிவி ரிப்பேர் செய்கிற ராம்குமார் இதைப் படம் பிடித்து டப்ளினுக்கு அனுப்பிவிடுவதாகச் சொல்லியிருக்கிறான். இப்போது ஏன் எழுத உட்கார்ந்தேன் என்றால், கூடத்து மேஜையில் உன் அப்பாவின் டிவிடி ரெக்கார்டர் மூடியைக் கழற்றி வைத்தபடி கிடக்கிறது. அதன் லென்ஸைத் துடைத்திருக்கிறேன். அது நன்றாக உலர வேண்டும், பக்கத்தில் நின்றால் என் மூச்சுப் படும், எட்டி நின்றாலோ கிட்டே போகச் சொல்கிறது மனசு. அதனால் உள்ளறைக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டேன்.

நீ கேட்டது ஒரே ஒரு தட்டு. கழுத்துக் கட்டியை எடுக்கும்போது குரல் நரம்பு கன்றிப்போனதாகவும், குரல் பயிற்சி தருகிற அம்மையார் உன் பழைய குரல் எப்படி இருந்தது என்று கேட்க விரும்புவதாகவும், பாடிய பதிவாக இருந்தால் மிகவும் நல்லது என்றும் மாப்பிள்ளை எழுதியிருந்தார். கல்யாணத்துக்குப் பிறகு நீ பாடவே இல்லை. போனில் இருப்பதெல்லாம் கட்டி வந்து கரகரத்த பேச்சு. பாட்டு இருப்பது நவராத்திரிக்கு உன் அப்பா கேமராவில் பிடித்து இந்த ரெக்கார்டரில் ஏற்றி வைத்த தட்டில் மட்டும்தான். நரம்பு கன்றினால் குரல் திரும்புமா என்று இங்கே காது மூக்கு டாக்டரிடம் போய்க் கேட்டேன். பெரும்பாலும் திரும்பிவிடும் என்றார். அந்தப் பெரும்பாலும் என்ற சொல்லை அவர் எதற்காகச் சேர்த்தார் என்று யோசித்து யோசித்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

தட்டைத் தேடுவதில் சிரமம் இல்லை. உன் அப்பா எல்லாவற்றுக்கும் உறை போட்டுப் பெயர் எழுதித்தான் வைத்திருக்கிறார். பிரியா, கொலு என்று இருந்ததை எடுத்துக்கொண்டு ராம்குமார் கடைக்குப் போனேன். அவன் லேப்டாப்பில் போட்டுப் பார்த்துவிட்டு, "இதுல ஒண்ணுமே இல்லையே பெரியம்மா, வெறுந்தட்டு. வேற எடுத்துட்டு வாங்க" என்றான். வெறுந்தட்டுக்கு அவர் பெயர் எழுதி வைக்க மாட்டார் என்றேன். "அப்ப வெக்கையில அழிஞ்சிருக்கும். நம்ம ஊரு வெயிலுக்கு மனுசனே நிக்க மாட்டேங்கான், தட்டு எங்க நிக்கும்" என்று சிரித்தான். சிரிக்கிற விஷயமா இது. மாப்பிள்ளைதான் பிறகு விளக்கி எழுதினார். ரெக்கார்டரில் பதிந்து முடித்ததும் தட்டை மூட வேண்டுமாம், பைனலைஸ் என்று அதற்குப் பெயர். மூடினால்தான் மற்ற மிஷின்களால் படிக்க முடியும், மூடாத தட்டு பதிந்த மிஷின் ஒன்றுக்குத்தான் பிடிபடும். ஆனால் மூடிவிட்டால் அதற்கு மேல் அதில் எதையும் சேர்க்க முடியாது. உன் அப்பா ஒரு தட்டைக்கூட மூடவில்லை. காரணம் எனக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. தறியில் ஒரு பாவு ஏற்றினால் கடைசி முழம் வரை நெய்துதான் இறக்குவார், நூல் மிச்சம் இருக்கும்போது அறுக்க அவருக்குக் கை வராது. தறியை விட்டு ஜவுளிக் கடைக்கு வந்த பிறகும் அந்தப் புத்தி மாறவில்லை. தட்டில் பாதி இடம் கிடக்கும்போது அவர் மூடுவாரா.

ஆக, எல்லாம் இந்த ஒரு மிஷினைப் பொறுத்தது என்று ஆகிவிட்டது. அவர் போன பிறகு நான் அதை ஓட்டியதில்லை. ஆனால் வாரம் தவறாமல் மேலே துடைத்து, நான் குரோஷா பின்னிய உறையைத் துவைத்துக் கஞ்சி போட்டு மாட்டி, புதிது போலத்தான் வைத்திருந்தேன். பட்டனை அழுத்தினால் டிரே பாதி வந்து நின்றுகொண்டது. மெல்ல இழுத்துத் தட்டை வைத்தேன். உள்ளே கிர் கிர் என்று தேடியது, லோடிங் லோடிங் என்று வெகுநேரம் காட்டியது, கடைசியில் தட்டு இல்லை என்றது. என் கையால் வைத்த தட்டை என்னிடமே இல்லை என்கிறது. ராம்குமார் பாலவனத்தத்திலிருந்து பஸ்ஸில் கடைக்கு வருகிறவன், வருகிற வழியில் வீட்டுக்கு வந்து பார்த்தான். "இதுக்கு லென்சே இப்ப வாரதில்ல, மிஷினே எவனும் செய்யல. பேசாம எடைக்குப் போட்டுருங்க" என்றான். அவனிடம், உன் யோசனையை நான் கேட்கவில்லை, மூடியைக் கழற்று என்றேன். உள்ளே சாம்பல் நிறத்தில் பஞ்சு மெத்தை மாதிரி படிந்திருந்தது. பக்கத்தில் முருகலட்சுமி வீட்டில் பவர்லூம் ஓடுகிறதே, அந்தப் பஞ்சுதான் என்று நான் சொன்னேன், அவனும் தலையாட்டினான். பிறகு என் உறையை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் உதறினான், கஞ்சிப் பொடி பறந்தது. "தறிப் பஞ்சைவிட இதுதான் ஜாஸ்தி. மிஷினுக்கு இட்லித் துணி மாதிரில போத்தி வச்சிருக்கீங்க, அது மூச்சு விடவும் வழியில்ல" என்றான். உறை இப்போது பீரோவில் இருக்கிறது. அதைப் பற்றி நீயும் எதுவும் எழுத வேண்டாம்.

பஞ்சை மெல்லிய பிரஷ்ஷால் கூட்டி எடுத்தோம். டிரேயை இழுக்கிற ரப்பர் பெல்ட்டை அவன் துடைத்தான், வழுக்கல் நின்று டிரே முழுதாக வந்தது. லென்ஸை மட்டும் அவனிடம் விடவில்லை. காராச்சேவு தின்ற விரல், அதோடு வாயால் ஊதப் போனான், கையைப் பிடித்துத் தடுத்தேன். லென்ஸ் ஓர் உளுந்தளவுதான் இருக்கிறது, அதுவும் இழை போன்ற கம்பியில் நிற்கிறது, அழுத்தினால் சாய்ந்துவிடும். சிஸ்டர்கள் பள்ளி ஆய்வகத்தில் மைக்ராஸ்கோப்பைத் துடைக்கிற வேலையை என்னிடம்தான் தருவார்கள் என்று உனக்குச் சொல்லியிருக்கிறேன். மருந்துக் கடையில் கேட்டால் கை கழுவுகிற சானிடைசரை எடுத்து நீட்டுகிறார்கள், அதில் வாசனையும் பசையும் உண்டு, காய்ந்தால் படலம் கட்டும். மாப்பிள்ளை எழுதிய ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலை மதுரையிலிருந்து வரவழைத்தேன். முருகலட்சுமி வந்து பார்த்துவிட்டு, "எதுக்குக்கா இம்புட்டுப் பாடு, எச்சியத் தொட்டு முந்தானையில ஒரு இழு இழுங்க. எங்க மாமியா கண்ணாடிய அப்படித்தான் தொடைக்கா" என்றாள். அவளை வாசலோடு அனுப்பிவிட்டு, பிளக்கைப் பிடுங்கி ஆறவிட்ட பிறகு, காதுக் குச்சியில் ஈரம் பட்டதும் படாததுமாகத் தொட்டு, ஒரே பக்கமாக ஒரு தடவை, குச்சியை மாற்றி இன்னொரு தடவை துடைத்தேன். என் கை நடுங்கும் என்பது உனக்குத் தெரியும். முழங்கையை மேஜையில் ஊன்றி மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் செய்தேன். இருந்தாலும் துடைக்கும்போது லென்ஸ் லேசாக ஆடியது. அது ஆட வேண்டியதுதானா, இல்லை நான்தான் தளர்த்திவிட்டேனா என்று தெரியவில்லை. ராம்குமாரைக் கேட்டால் அவன் என்னைவிட முழிக்கிறான். இதற்கு மாற்று லென்ஸ் கிடையாது, அந்தத் தட்டுக்கு வேறு மிஷினும் கிடையாது. இந்தக் கவலையோடுதான் உனக்கு எழுதிக்கொண்டிருக்கிறேன்.

நீ என்ன செய்கிறாய். கிசுகிசுப்பாகப் பேசினால் பரவாயில்லை என்று நினைக்காதே, முழுக் குரலில் பேசுவதைவிட அது நரம்பைப் பாடுபடுத்தும் என்று இந்த டாக்டரும் சொன்னார். தொண்டையைச் செருமாதே. தண்ணீரை மடக் மடக்கென்று குடிக்காமல் கொஞ்சம் கொஞ்சமாகக் குடி. அந்த ஊர் ஈரக் காற்றில் கழுத்தில் துணி சுற்றாமல் வெளியே போகாதே, தையல் இடத்தில் உரசாத பருத்தித் துணியாக இருக்கட்டும், கம்பளி வேண்டாம். ஆதினி ராத்திரி கதை கேட்டு அழுகிறாள், அம்மா சத்தத்தை யார் எடுத்துக்கொண்டு போனது என்று கேட்கிறாள் என மாப்பிள்ளை எழுதியிருந்தார். குழந்தை கேட்கிறதே என்று நீ வாயைத் திறந்துவிடாதே. கொஞ்ச நாளைக்கு அப்பா சொல்கிற கதையைக் கேட்டுக்கொண்டு தூங்கட்டும். மாப்பிள்ளை கார்த்தீஸ்வரனுக்குக் கதை சொல்லத் தெரியாவிட்டால் கற்றுக்கொள்ளட்டும், என்ஜினீயரிங் படிக்கத் தெரிந்ததல்லவா.

வெள்ளிக்கிழமை

நேற்று எழுதியதை ராம்குமாரிடம் கொடுக்கவில்லை. முடிவு தெரியாமல் அனுப்பி உன்னையும் என்னைப் போல உட்கார வைக்க மனம் வரவில்லை. இன்று காலை அவன் வந்ததும் மூடியைப் பொருத்தித் தட்டை வைத்தோம். லோடிங் என்று காட்டிவிட்டு மறுபடியும் தட்டு இல்லை என்றது. ராம்குமார் என் முகத்தைப் பார்க்காமல் ஸ்குரூ டிரைவரைப் பையில் போட்டுக்கொண்டான். நான் தட்டை எடுத்து வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தேன். அடிப்பக்கத்தில் பெருவிரல் ரேகை, எண்ணெயோடு, காராச்சேவு விரல்தான். உன் அப்பாவின் கண்ணாடித் துணியை எடுத்து, நடுவிலிருந்து விளிம்புக்கு நேராகத் துடைத்தேன். வட்டமாகத் துடைக்கக் கூடாது, வட்டத்தில் கீறல் விழுந்தால் மிஷின் அந்தக் கீறலோடு போய் வழி தவறிவிடும். திரும்ப வைத்தேன். அது தேடிக்கொண்டே இருந்தது. நம் குலதெய்வம் சௌடம்மாளைக்கூட என்னால் கூப்பிட முடியவில்லை.

முதலில் தறிச் சத்தம் வந்தது. பிறகு குக்கர் விசில். பிறகு நீ. விசில் சத்தத்துக்குப் பாட்டை நிறுத்திச் சிரித்துவிட்டு, விட்ட வரியை விட்ட இடத்திலேயே பிடித்துக்கொண்டு மேலே போனாய், கொஞ்சமும் சிரமம் இல்லாமல். கேமராவுக்குப் பின்னாலிருந்து உன் அப்பா இன்னொன்று பாடு என்று நம் வீட்டுக் கன்னடத்தில் சொல்கிறார், நீ போங்கப்பா என்கிறாய். நான் நாற்காலியில் உட்காரவில்லை, நின்றுகொண்டேதான் கேட்டேன். பாதியில் முருகலட்சுமி வாசலுக்கு ஓடிவந்து, "ஏக்கா, பிரியா எப்ப வந்தா, ஒரு வார்த்தை சொல்லல" என்றாள். தலையெல்லாம் பஞ்சு. மிஷின் பக்கம் வந்துவிடாதே என்று கையைக் காட்டிவிட்டு, பிரியா வரவில்லை என்று சொன்னேன். அவள் உள்ளே வராமல் படியிலேயே உட்கார்ந்து முழுவதையும் கேட்டுவிட்டுப் போனாள். அவள் வீட்டுத் தறி அதுவரை ஓடவில்லை.

ராம்குமார் ஒரு வயரைப் போட்டு எல்லாவற்றையும் லேப்டாப்பில் பிடித்துவிட்டான். கரண்டு போய்விடுமோ என்று விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தேன், போகவில்லை. இந்தக் கடிதத்தோடு அதுவும் உனக்கு வருகிறது, அந்த அம்மையாரிடம் கொடு, பாட்டோடு நிறுத்தாமல் அந்தச் சிரிப்பையும், போங்கப்பா என்பதையும் கேட்கச் சொல். ஆதினிக்கும் போட்டுக் காட்டு. யார் என்று முதலிலேயே சொல்லிவிடாதே, அவளே கண்டுபிடிக்கட்டும்.

எல்லாம் முடிந்ததும் ராம்குமார், "இப்பவே மூடிருவோம் பெரியம்மா. லென்சு என்னைக்கு மண்டையப் போடும்னு சொல்ல முடியாது. மூடிட்டா எதுல வேணாலும் போட்டுப் பாக்கலாம்" என்று டிவி திரையில் பைனலைஸ் என்ற இடத்தை வரவழைத்து ரிமோட்டை என் கையில் கொடுத்தான். இனி இந்தத் தட்டில் எதுவும் பதிய முடியாது, சம்மதமா என்று திரையில் ஆங்கிலத்தில் கேட்டது. அவன் சொல்வது சரிதான். நீயும் அதையே சொல்வாய், மாப்பிள்ளையும் சொல்வார். நான் சம்மதமில்லை என்பதை அழுத்தினேன். அவன் தலையில் அடித்துக்கொண்டு கடைக்குப் போனான்.

தட்டில் இன்னும் பாதி இடம் இருக்கிறது பிரியா. டாக்டர் பயணம் செய்யலாம் என்று சொன்னதும் ஆதினியைக் கூட்டிக்கொண்டு வா. வருகிற கொலுவுக்கு முடியாவிட்டால் அதற்கடுத்த கொலுவுக்கு வா. அன்றைக்குக் குரல் எப்படி இருக்கிறதோ அப்படியே, கரகரத்தாலும் சரி, ஒரு வரியோடு நின்றாலும் சரி, அந்த மிச்ச இடத்தில் பதிந்துகொள்வோம். அதற்கப்புறம் மூடலாம். அதுவரை மிஷின் ஓட வேண்டும், அது என் பொறுப்பு. வாரத்துக்கு ஒரு தடவை ஓட்டுகிறேன். காற்றுப் போக சுவரிலிருந்து தள்ளி வைத்துவிட்டேன். உறை இனி இல்லை. முருகலட்சுமி தறி ஓடும் நேரத்தில் அந்தப் பக்கத்து ஜன்னலைச் சாத்திக்கொள்கிறேன், வெக்கையாக இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும்.

சௌடம்மாள் உனக்குத் துணை நிற்பாள், மாப்பிள்ளைக்கும் குழந்தைக்கும் என் ஆசிகள். இதைப் படித்து முடித்ததும் போனை எடுக்காதே. மாப்பிள்ளையிடம் தலையை ஆட்டு, வருகிறாள் என்று அவர் எழுதட்டும்.

உன் அம்மா,
சௌடேஸ்வரி