வெந்நீர் கேட்ட அமைச்சன்

என் செல்ல மகளுக்கு,

உன் நாவல் வந்து சேர்ந்தது. பழைய காவியத்தில் ஒரே வரியில் வந்துபோகும் அரண்மனைச் சலவைக்காரி, உன் கதையில் இளவரசனைக் கொன்றவனைத் தேடிப் புறப்படுகிறாள். அதைப் படித்ததும் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டேன்.

ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில், சாப்பாட்டு வேளையில் நான்தான் எல்லோருக்கும் உரக்கப் படித்தேன். சால்வையில் ரத்தம் பட்ட அமைச்சன், தானே அலசிக்கொள்வதாகச் சொல்லி வெந்நீர் கேட்கும் இடம் வந்தது. "இவன்தாண்டி கொலைகாரன்!" என்று கத்திவிட்டேன்.

இஸ்திரி போடுகிறவள், "நாப்பதாம் பக்கத்துலயே எப்படிக்கா சொல்றீங்க?" என்றாள்.

"பின்னே? ரத்தக்கறைய யாராவது வெந்நீர்ல போடுவாங்களா? அப்படியே பிடிச்சுக்கும். பச்சைத் தண்ணிதான் போடணும். அடுத்தவங்க துவைச்சதையே உடுத்திப் பழகினவனுக்கு அதெல்லாம் எங்க தெரியும்? அவன் இன்னிக்கு மட்டும் தானே அலசிக்கிறேங்கிறான்னா, எதையோ மறைக்கத்தானே?"

கடைசி அத்தியாயத்தில் உன் சலவைக்காரியும் அச்சு அசலாக அதையே சொல்லி அவனைப் பிடித்தாள். கூடமே கைதட்டியது. எனக்குத் தலைகால் புரியவில்லை.

ஒரே ஒரு குறை. அவள் கைகள் மென்மையானவை என்று எழுதியிருக்கிறாய். சலவைச் சோடாவில் ஊறிய கை அப்படி இருக்காது. அடுத்த பதிப்பில் திருத்து.

வெளியீட்டு விழாவுக்கு வரச் சொல்லியிருக்கிறாய். உன் பள்ளிக்கு வரும்போதெல்லாம் நீ கூச்சப்படுகிறாய் என்று தெருமுனைக் கடைக்குள் போய்ச் சீருடையை மாற்றிக்கொண்டு வருவேனே, நினைவிருக்கிறதா? அப்போது நீ சின்னப் பிள்ளை. விடு.

அன்று வேலை முடிந்து நேரே வருகிறேன். தெருமுனையில் நிற்கமாட்டேன். நீலச் சீருடையிலேயே வருவேன். முன்வரிசையில் இடம் போட்டு வை.

உன் சலவைக்காரி,
அம்மா