நூல் பிடித்த கற்கள்

பிரியமுள்ள சின்னவன் அம்மாவுக்கு,

நான் சுகம். நீயும் சின்னவனும் எப்படி இருக்கிறீர்கள்? அப்பாவுக்கு முழங்கால் வலி குறைந்ததா?

இங்கே ஒரு பெரிய வீட்டில் ஜப்பான் பாணியில் தோட்டம் போடுகிறோம் என்று எழுதியிருந்தேன் அல்லவா? குளத்துக்குப் போகும் பாதைக்குத் தோட்ட மேஸ்திரி கல் பதித்திருந்தார். ஒன்று இங்கே, ஒன்று அங்கே, எல்லாம் கோணல். கொத்தனாரான என் கண்ணுக்குப் பொறுக்குமா? மேஸ்திரி வராத அன்று, யாரையும் கேட்காமல், எல்லாவற்றையும் பெயர்த்து நூல் பிடித்து நேராகப் பதித்துவிட்டேன். பாராட்டுவார் என்று மறுநாள் வாசலிலேயே காத்திருந்தேன்.

அவர் திட்டவில்லை. என்னைக் குளம் வரை நடக்கச் சொன்னார். நடந்தேன்.

"வழியில அந்த மரத்தைப் பாத்தியா?"

"எந்த மரம்ணே?"

"அதுக்குத்தான்பா கோணலா போட்டேன். மெதுவா நடந்தாதான் நின்னு பாப்பாங்க."

எல்லோர் முன்னாலும் நானே அத்தனை கல்லையும் பெயர்த்துக் கொடுத்தேன். முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. இப்போது இங்கே எனக்கு 'நூலு' என்று பேர். நீ சிரித்துக்கொள், அப்பாவிடம் மட்டும் சொல்லிவிடாதே. மகன் பெரிய மேஸ்திரி ஆகிவிட்டான் என்று ஊரெல்லாம் சொல்லிவைத்திருப்பார்.

வேலைக்குப் போகிற வண்டி வந்துவிட்டது. நம் வீட்டுப் பின்பக்கம் துவைக்கிற கல்லை, கிளம்புகிற அவசரத்தில் நான் கோணலாகப் பதித்தேனே, அதை யார் சரிசெய்ய வந்தாலும் விடாதே. சின்னவனை அதன்மேல் நிற்கவைத்து ஒரு படம் எடுத்து அனுப்பு. இங்கே நான் பதித்த கல் ஒன்றுகூட மிஞ்சவில்லை.

சின்னவன் அப்பா