ஐயாயிரம் மீட்டரில் ஒரு முடி

2024 மார்ச் 4, திங்கள்
மணலிப் பக்கக் காற்று. பட்டறை முழுக்க கேஸ் வாடை. ஆழ்கடல் கேமராவை உறையில் வைத்து மூடினேன். ரஷீது பாய் ரிட்டையர் ஆனபின் நான் தனியாக மூடிய முதல் கேமரா. பத்தொன்பது வருடம் எங்களில் ஒருவர் மூட, மற்றவர் பக்கத்தில் நின்று ஒரே கேள்விதான் கேட்பார்: "முடி பாத்தியா?" உறையின் ரப்பர் வளையத்தில் ஒரு தலைமுடி குறுக்கே கிடந்தால் போதும், ஐந்து கிலோமீட்டர் ஆழத்தில் கடல் உள்ளே வந்துவிடும். "அங்க உன் கட்டவெரல் நகத்து மேல ஒரு எரும நிக்கும்மா" என்பார் பாய். இன்று கேட்க ஆளில்லை. ரேடியோவாவது வைத்திருக்கலாம்.

மார்ச் 9
கப்பல் கிளம்பியது. வழக்கம்போல கேமராவோடு கட்டி இறக்க ஒரு தெர்மோகோல் கப் கொடுத்தேன். அழுத்தத்தில் சுருங்கி விரல்நுனி அளவில் திரும்பி வரும். எல்லோரும் பிள்ளைகள் பெயர் எழுதுவார்கள். நான் 'ரஷீது' என்று எழுதினேன். அவர் ஷோகேஸில் ஏற்கெனவே பதினாறு இருக்கிறது. "சொப்பு சாமான் வச்சி வெளையாட்றாரு" என்று அவர் மனைவி மரியம் அக்கா கிண்டல் செய்வார்.

மார்ச் 27
கப்பலிலிருந்து போன். உறைக்குள் தண்ணீர். ஒரு படம்கூட மிஞ்சவில்லை.

ஏப்ரல் 12
கேமரா பட்டறைக்கு வந்தது. பிரித்தேன். வளையத்தின் குறுக்கே, கிரீஸில் ஒட்டிக்கொண்டு ஒரு முடி. நுனி கறுப்பு, வேர்ப்பக்கம் நரை. டை அடிக்கச் சோம்பல்பட்ட தலை இங்கே வேறு யாருடையது? ஏன்டி ஆன்சி, தலையில துணி கட்ட உனக்கு இன்னா கேடு?

யாரும் பார்க்கவில்லை. துடைத்துவிட்டால் ரப்பர் சரியில்லை என்று போய்விடும். சொன்னால் மே மாதக் கேமராவை என் கையில் தரமாட்டார்கள். எனக்கு வேறென்ன வேலை தெரியும்?

ஏப்ரல் 13
கேமராவோடு சுருங்கி வந்த கப்பை எடுத்துக்கொண்டு வண்ணாரப்பேட்டைக்கு, பாய் வீட்டுக்குப் போனேன். பெருநாள் முடிந்து இரண்டு நாள். மரியம் அக்கா இன்னும் தட்டு நிறைய வைக்கிறார். பாயிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"எனுக்கும் ஒருதபா ஆச்சு. நீ வேலைக்கி வர்துக்கு முன்ன. தொட்ச்சிட்டு, ரப்பர் சரியில்லன்னு எழுதிட்டேன். அன்னிலேர்ந்து கேட்டுகினே கீறேன். உன்னியவா கேட்டேன்னு நெனச்சே?"

பஸ்ஸில் அழுதேன். அந்த இரண்டு ஸ்டூல், நடுவில் டீ, அந்தக் கேள்வி. எல்லாம் திரும்ப வேண்டும்போல் இருந்தது.

ஏப்ரல் 15
எழுதிக் கொடுத்துவிட்டேன். 'முடி என்னுடையது.' எங்கள் பிரிவுத் தலைவர் பவானி மேடம் இரண்டு முறை படித்தார். "மே மாசம் பக்கத்து செக்ஷன் ஒவைஸ் மூடட்டும்" என்றார். எனக்கு ஸ்டோர்.

மே 11
ஒவைஸ் மூடுகிறார் என்று தெரிந்து ஸ்டோரில் உட்கார முடியவில்லை. போய்ப் பக்கத்தில் நின்றேன். முறைத்தார். எனக்கும் வெட்கமாகத்தான் இருந்தது. கேட்டுவிட்டேன்:

"முடி பாத்தீங்களா?"

மூடியை மறுபடி கழற்றி, விளக்கை இழுத்துக்கொண்டார்.

ஜூன் 14
கேமரா உள்ளே ஒரு சொட்டு ஈரமில்லாமல் வந்தது. நாற்பது நிமிடப் படம். சேற்றில் வெளிறிய ஏதோ ஒன்று அவசரமே இல்லாமல் ஊர்ந்து போகிறது. பாய்க்கு அனுப்பினேன்.

ஒவைஸ் ஸ்டோர் மேசையில் ஒரு சுருங்கிய கப்பை வைத்துவிட்டுப் போனார். பொடி எழுத்தில் 'ஆன்சி'. என் வீட்டில் ஷோகேஸ் கிடையாது. சமையலறை ஜன்னலில் வைத்திருக்கிறேன்.