ஐம்பத்தைந்தில் நின்ற கம்ப்யூட்டர்

எவ்வளவு திட்டினாலும் சிரித்துக்கொண்டே போகிற என் மாமாவுக்கு,

புத்தூர் வீட்டில் மூன்று பேரும் நலம். நான், நம் பெண் ரேவதி, என் அண்ணியான உங்கள் அக்கா. ரேவதிக்கு வேலை கிடைத்துவிட்டது. இதை முதலில் சொல்லாவிட்டால் மீதி எதையும் நீங்கள் காதில் வாங்க மாட்டீர்கள். கட்டடங்களுக்குக் கம்ப்யூட்டரில் படம் வரைந்து கொடுக்கும் வேலை. கம்பெனி பெங்களூரில், உட்கார்ந்து செய்வது நம் நடு அறையில். திங்கட்கிழமை காலைக்குள் சொந்தமாக நல்ல கம்ப்யூட்டர் இருக்க வேண்டும் என்று மட்டும் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள்.

கடையிலேயே பாகங்களைச் சேர்த்துப் பூட்டித் தருகிறோம் என்றதற்கு இவள் ஒத்துக்கொள்ளவில்லை. "நைனா இருந்தா, வாங்கியா, வூட்லயே பூட்டலாம்னுதான் சொல்லிக்கினு இருப்பாரு" என்றாள். உண்மைதானே? ஒரு ஃபேனைக்கூட நீங்கள் கழற்றிப் பார்க்காமல் மாட்டியதில்லை. திருப்பதியிலிருந்து பஸ்ஸில் பாகங்கள் இருந்த இரண்டு பைகளையும் மடியில் வைத்துக்கொண்டு, பக்கத்தில் யார் உட்கார்ந்தாலும் முறைத்துக்கொண்டே வந்து சேர்ந்தாள்.

அந்தப் பைகளைப் பிரித்ததும்தான் எனக்கு ஒன்று உறைத்தது. பொட்டு யார் வைப்பது? புதுச் சாமான் எது வந்தாலும் மஞ்சள் குங்குமம் வைப்பது உங்கள் வேலை. மிக்ஸிக்கு, ஃபிரிட்ஜுக்கு, என் தையல் மிஷினுக்கு எல்லாம் நீங்கள்தான் வைத்தீர்கள். பைக் வாங்கிய அன்று திருமலை அடிவாரத்து அலிபிரிக்கு ஓட்டிப்போய்ப் பூஜை போட்ட பிறகுதான் வீட்டுப் பக்கமே கொண்டுவந்தீர்கள். நீங்கள் போன இந்த ஒன்றரை வருஷத்தில் வீட்டுக்குப் புதிதாக ஒன்றும் வரவில்லை. அதனால் அந்தக் கேள்வியும் வரவில்லை.

நான் வைக்கலாமா? போன வருஷம் உங்கள் சித்தப்பா வீட்டில் புது வண்டி வந்தபோது குங்குமத் தட்டை எடுக்கப் போனேன். சொந்தக்காரி ஒருத்தி என் கையை மெதுவாகப் பிடித்து, "நீ இரு வசந்தா, சின்னவ வெக்கட்டும்" என்றாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். புருஷன் இல்லாதவள் கை ஆகாது என்று அவள் வாயால் சொல்லவில்லை, சொல்ல வேண்டியதும் இல்லை. அன்றிலிருந்து நானே ஒதுங்கி நிற்கப் பழகிவிட்டேன்.

ஆனால் இது நம் பெண்ணின் முதல் வேலை மாமா. பொட்டில்லாமல் எப்படி விடுவேன்?

ஞாயிற்றுக்கிழமை காலை அவள் குளிக்கப் போன நேரம் பார்த்தேன். மேசையில் எல்லாவற்றையும் பரப்பி வைத்திருந்தாள். நடுவில் மதர்போர்டு என்கிற பெரிய பலகை. பக்கத்தில் மெமரி என்று சொல்லும் இரண்டு பட்டைகள், பாதி ஸ்கேல் நீளம் இருக்கும். பட்டையின் அடி ஓரத்தில் ஜரிகைக் கரை போலத் தங்க நிறத்தில் ஒரு வரிசை. அந்தக் கரை பலகையின் பள்ளத்துக்குள் போய் மறைந்துவிடும் என்று முந்தின நாளே எனக்குக் காட்டியிருந்தாள். என் புத்தி நேராக அங்கேதான் போனது. மஞ்சளைக் குழைத்து, இரண்டு பட்டையிலும் அந்தக் கரைமேலேயே சின்னதாக வைத்து, அதன்மேல் குங்குமமும் வைத்தேன். உங்களுக்குத் தெரிந்தால் போதும், ஊருக்குத் தெரிய வேண்டாம் என்று நினைத்தேன்.

குளித்துவிட்டு வந்தவள், "ம்மா, ஊசி கோக்கிற கையி உன்னுது, நடுங்காது. மெமரிய நீயே போட்டுடு" என்றாள். எனக்கு அது இன்னும் வசதியாகப் போயிற்று. பொட்டு என் பக்கம் தெரியும்படி பிடித்து, சத்தம் கேட்கும்வரை அழுத்திப் பள்ளத்தில் உட்கார வைத்தேன்.

மதியம் சாப்பாடு ஆனதும் சுவிட்சைப் போட்டாள். உள்ளே காற்றாடிகள் சுற்றின. பலகையின் மூலையில் நகமளவு இருந்த ஒரு சின்னக் கட்டத்தில் சிவப்பு எழுத்தில் இரண்டிரண்டு எண்களாகக் கடகடவென்று ஓடி, ஐம்பத்தைந்தில் நின்றுவிட்டது. திரை கறுப்பாகவே இருந்தது. அணைத்துவிட்டு மறுபடியும் போட்டாள். மறுபடியும் ஐம்பத்தைந்து.

என் கைதான் என்று நினைத்தேன் மாமா. சத்தியமாகச் சொல்கிறேன், வேறு எதுவும் தோன்றவில்லை. அந்தச் சொந்தக்காரி பிடித்தது சரிதான், இந்தக் கை பட்டுத்தான் குழந்தையின் வேலை போகப்போகிறது என்று மேசையை விட்டுத் தள்ளி நின்றுகொண்டேன். அண்ணி பக்கத்தில் உட்கார்ந்து பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தார். "இன்னா ரேவதி, கெட்டுப்பூச்சா?" என்று கேட்டார்.

"கெட்டுப்போவல அத்தை. இது பேசுது" என்றாள் உங்கள் பெண்.

பலகையோடு வந்த புத்தகத்தை எடுத்துக் கடைசிப் பக்கங்களைக் காட்டினாள். நெருக்கமாக எண்கள், ஒவ்வோர் எண்ணுக்கும் எதிரில் ஒரு வரி. சுவிட்சைப் போட்டதும் இந்தப் பலகை நம்மிடம் எதையும் காட்டுவதற்கு முன்னால் தன்னையே விசாரித்துக்கொள்ளுமாம். கணக்குப் போடும் மூளை இருக்கிறதா? மெமரி இருக்கிறதா? படம் காட்ட வழி இருக்கிறதா? எழுதி வைக்கிற டிஸ்க் இருக்கிறதா? ஒவ்வொன்றும் சரியாக இருந்தால் அடுத்த எண்ணுக்குப் போகும். எங்கே பதில் கிடைக்கவில்லையோ அங்கேயே நின்று, அந்த எண்ணை நமக்குக் காட்டிக்கொண்டிருக்கும்.

உயிரில்லாத ஒரு தகடு. கண் மூடித் திறப்பதற்குள் இத்தனை கேள்வி. எனக்கு இன்ன இடத்தில் இன்னது இல்லை என்று கூச்சப்படாமல் சொல்கிறதே! இதை யோசித்து இப்படி வைத்தவர்கள் யார்? அவர்கள் வீட்டிலும் யாராவது வலியைச் சொல்லாமல் மறைத்து வைத்துப் போய்ச் சேர்ந்தார்களா? "கேஸ்தான், ஒரு சோடா குடிச்சா சரியாப்பூடும்" என்று நெஞ்சைத் தடவிக்கொண்டு நின்றீர்களே. உங்கள் சட்டைப்பைக்குமேல் இப்படி இரண்டு எண் தெரிந்திருந்தால் நான் உங்களை அன்று டியூட்டிக்கு அனுப்பியிருப்பேனா?

"ஐம்பத்தஞ்சுன்னா மெமரியே போடலைன்னு அர்த்தம். நீ போட்டதை நான் பாத்தேனே" என்று ரேவதி குழம்பினாள். திருப்பதிக் கடைக்காரருக்குப் போன் போட்டாள். அவர் தெலுங்கில், "தீசி மள்ளி பெட்டண்டி, அம்மா" என்றார். கழற்றி மறுபடியும் போடச் சொல்கிறார்.

கழற்றினால் தெரிந்துவிடும். அவள் கை பட்டைக்குப் போவதற்குள், "அதுல நான்தான் பொட்டு வெச்சேன். அந்தத் தங்கக் கரை மேல" என்று சொல்லிவிட்டேன்.

ரேவதி பட்டையை வெளியே எடுத்துப் பார்த்தாள். மஞ்சள் காய்ந்து அப்படியே ஒட்டியிருந்தது. "ம்மா, கரன்ட்டு போற வழியே இதான்" என்றாள். பலகையும் பட்டையும் ஒன்றையொன்று தொட்டுப் பேசுகிற ஒரே இடம் அதுதானாம். ஒளித்து வைக்க வேறு எந்த இடமும் கிடைக்காமல் அதைப் போய்த் தேடிப் பிடித்திருக்கிறேன் பாருங்கள். உங்களுக்குச் சிரிப்பு வந்திருக்கும்.

நான் அண்ணியின் முகத்தைப் பார்க்கவில்லை. அவர்தான் கத்தியைக் கீழே வைத்துவிட்டு, "ஏன் வசந்தா, அத்தக் கொண்டுபோயி ஏன் உள்ள வெச்ச? வெளிய வெச்சா உன்ன யாரு இன்னா பண்ணிடுவாங்க?" என்றார்.

அழுதுவிட்டேன்.

ரேவதி பள்ளிக்கூட ரப்பரைத் தேடியெடுத்து, தங்கக் கரையை மெதுவாகத் தேய்த்தாள். என் தையல் மிஷினுக்கு வாங்கி வைத்திருந்த புதுப் பிரஷால் பள்ளத்தில் இருந்த தூளைத் தட்டினாள். பட்டைகளை மறுபடியும் என்னிடமே கொடுத்தாள். "நீயே போடு" என்றாள். வேண்டாம் என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன், விடவில்லை.

சுவிட்சைப் போட்டதும் எண்கள் ஓடின. மெமரியை விசாரிக்கும் கட்டத்துக்கு வந்து திரும்பத் திரும்ப மாறிக்கொண்டே இருந்தன. முதல் தடவை என்பதால் மெமரியைப் பழகிக்கொள்ள நேரம் பிடிக்கும் என்றாள். இரண்டு நிமிஷம் மூன்று பேரும் அந்த எண்களையே பார்த்துக்கொண்டிருந்தோம். பிறகு ஐம்பத்தைந்தைத் தாண்டிப் போயிற்று மாமா! அறுபது, எழுபது, தொண்ணூறு என்று போய், எண்கள் முடிந்து எழுத்துகள் வந்து, இரண்டு 'ஏ'யில் நின்றது. எல்லாம் சரி, இனி உங்கள் பொறுப்பு என்று அர்த்தமாம். திரையில் வெளிச்சம் வந்தது. யார் கை பூட்டியது, அவளுக்குப் புருஷன் இருக்கிறானா என்று அது எந்த எண்ணிலும் கேட்கவில்லை.

அண்ணி எழுந்துபோய்க் குங்குமச் சிமிழைக் கொண்டுவந்து என்னிடம் நீட்டினார். "பொட்டி மேல வை. வாசல்லருந்து பாத்தா தெரியணும்" என்றார். பெட்டியின் முகப்பில், நடுவில், பெரிதாக வைத்தேன்.

சிமிழை அண்ணியிடம் திருப்பிக் கொடுத்தேன். வாங்கியவர் மூடாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார். பிறகு ரேவதியைப் பார்த்து, சின்னப் பிள்ளை கேட்பதுபோலக் கேட்டார்: "நானும் ஒண்ணு வெக்கட்டுமா?"

இருபத்தாறு வயதில் தாலியை இழந்து நம் வீட்டுக்கு வந்தவர். மிக்ஸிக்கு, ஃபிரிட்ஜுக்கு, பைக்குக்கு நீங்கள் பொட்டு வைத்த ஒவ்வொரு தடவையும் உங்கள் அக்கா எங்கே நின்றார் என்று உங்களுக்கு ஞாபகம் இருக்கிறதா? எனக்கும் இல்லை. நாம் இரண்டு பேரும் ஒரு நாள்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை மாமா.

ரேவதி அவர் கையைப் பிடித்துக்கொண்டு போனாள். என் பொட்டுக்குப் பக்கத்திலேயே வைத்தார். பழக்கமில்லாத விரல், கொஞ்சம் கோணலாகிவிட்டது.

இனி இந்த வீட்டுக்கு எது புதிதாக வந்தாலும் முதல் பொட்டு அண்ணிதான் வைப்பார். தட்டை நான் பிடிப்பேன், தெருக்கதவைத் திறந்து வைத்துக்கொண்டு. இந்தக் கடிதத்தை எல்லோரும் படிக்கும்படி எழுதுவதும் அதற்காகத்தான். இது நான் உங்களுக்குக் கொடுக்கும் வாக்கு.

உங்கள் அக்காவுக்குத் துணையாக இருக்கும்
உங்கள் மனைவி,
வசந்தா