ஆறு எவ்வளவு தூரம்?

காரைக்கால்
17 நவம்பர் 2023

அன்பு மச்சானுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நானும் இஃபாத்தும் உம்மாவும் அல்லாஹ்வின் கிருபையால் சுகம். அங்கே நீங்களும் சுகமாயிருக்க ஒவ்வொரு தொழுகையிலும் துஆச் செய்கிறோம்.

மனம்விட்டுப் பேசுவதானால் மெயிலில் எழுது என்றீர்கள். சரிதான். இந்த வீட்டில் உங்கள் ஃபோன் வந்தால் உம்மா, சாச்சி, பக்கத்து வீட்டுக்காரர் எல்லாரும் ஸ்பீக்கரைச் சுற்றி உட்கார்ந்துவிடுகிறார்கள். புருஷன் பெண்டாட்டி பேச்சுக்குத் தெருவே ஆமீன் சொல்கிறது.

பள்ளிக்கூடம் லீவு விட்டதும் எங்களை பிரேசிலுக்கு அழைத்துக்கொள்வதாகச் சொன்னீர்கள். அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. துபாய் என்றால் திரும்பிய பக்கமெல்லாம் நம் ஊர்க்காரர்கள். பிரேசில் என்றால் நீங்கள் துபாய் சூப்பர் மார்க்கெட்டில் அடுக்கிய ஐஸ் கோழிதான் எனக்குத் தெரியும். அந்தக் கோழியை ஹலாலாக அறுக்க உங்களையே அங்கே கூப்பிடுவார்கள் என்று யார் கண்டது! இஃபாத் படம் வரைந்திருக்கிறாள்: ஒரு பெரிய கோழி, அதன் முதுகில் வாப்பா.

அந்த ஜனங்கள் எப்படி? பார்த்தவுடன் கட்டிப்பிடிப்பார்களாமே? முக்காட்டைப் பார்த்து முறைப்பார்களா?

இன்னொன்று. நீங்கள் அனுப்பிய வீட்டுப் படத்தில் ஜன்னலுக்கு மேலே, சுவர் நெடுக ஒரு பழுப்புக் கோடு ஓடுகிறது. அது என்ன? அந்த ஊரில் ஆறு இருக்கிறதா? இருந்தால் வீட்டிலிருந்து எவ்வளவு தூரம்?

ஏன் கேட்கிறேன் என்று உங்களுக்குத் தெரியும். என் அக்கா, அமீர் நிஷா லாத்தா, அந்த ஞாயிற்றுக்கிழமை காலை கடற்கரைக்குப் போனவள் திரும்பவில்லை. எனக்கு எட்டு வயது. சுனாமி வடிந்ததும் வாப்பா என் கையைப் பிடித்துக்கொண்டு அவளைத் தேடிப் போன தெருக்களில், சுவருக்குச் சுவர் இதே கோடுதான் இருந்தது.

உங்கள்
அஸ்ஃபியா

* * *

தெற்கு பிரேசில்
3 டிசம்பர் 2023

அன்புள்ள அஸ்ஃபியாவுக்கு,

வ அலைக்கும் ஸலாம். உன் மெயிலைச் சாப்பாட்டு நேரத்தில் படித்தேன். கோழி முதுகில் ஏற்றியதற்கு மகளுக்கு என் முத்தம்.

இந்த ஜனங்களைக் கேட்டாய். பார்த்தால் கட்டிப்பிடிப்பார்கள், கன்னத்தோடு கன்னம் வைப்பார்கள், உண்மைதான். நெஞ்சில் கைவைத்துச் சிரித்தால் புரிந்துகொண்டு தாங்களும் அப்படியே செய்கிறார்கள். பேசினால் தோளைத் தொட்டுத்தான் பேசுவார்கள். பார்ட்டிக்கு ஏழு மணி என்றால் எட்டரைக்கு வருவார்கள். அதில் நம் ஊருக்கு அண்ணன் தம்பி.

எல்லாரும் ஒரே நிறம் என்று நினைக்காதே. முதலில் காட்டு ஜனங்கள். பிறகு போர்ச்சுகீசியர் வந்து நாட்டைப் பிடித்தார்கள். கரும்புக்கும் காப்பிக்கும் ஆப்பிரிக்காவிலிருந்து ஆட்களைக் கப்பல் கப்பலாகக் கொண்டுவந்து அடிமையாக விற்றார்கள். அதை நிறுத்தவே 1888 ஆனது. நான் இருக்கும் தெற்குப் பக்கத்தில் ஜெர்மனியிலிருந்தும் இத்தாலியிலிருந்தும் நிலம் தேடி வந்தவர்களின் பேரன்மார் இருக்கிறார்கள். நம் காரைக்காலிலிருந்து பிரெஞ்சுக்காரன் ரெயூனியன் தீவுக்குக் கூலி ஆள் ஏற்றினானே, அது நினைவுக்கு வந்தது. கடல் தாண்டிவந்த கூட்டம்தான் எல்லாரும். நம்மை அந்நியம் என்று சொல்ல இங்கே யாருக்கும் வாயில்லை.

ஆனால் ஒரு கூத்து நடந்துவிட்டது. எதிர்வீட்டில் டோனா இல்ஸே என்ற ஜெர்மன் வம்சத்துக் கிழவி இருக்கிறார். டோனா என்பது நாம் ‘அம்மா’ போடுகிற மாதிரி மரியாதை. மாலையில் அவர் வாசலில் நாற்காலிகள் வட்டமாகக் கிடக்கும். சுரைக்குடுவையில் பச்சை இலைத்தூளைப் போட்டு, சுடுநீர் ஊற்றி, இரும்புக் குழாயால் உறிஞ்சுகிறார்கள். பேர் சிமஹாவ். ஒரே குடுவை, ஒரே குழாய், அத்தனை வாய்! என் கைக்கு வந்தது. நான் கைக்குட்டையை எடுத்துக் குழாயைத் துடைத்துவிட்டுக் குடித்தேன். எல்லார் முகமும் விழுந்துவிட்டது. போதாததற்கு, திருப்பிக் கொடுக்கும்போது மரியாதையாக ‘நன்றி’ என்றேன். அதற்கு ‘போதும், இனி வேண்டாம்’ என்று அர்த்தமாம். அப்புறம் குடுவை என் பக்கம் வரவே இல்லை. இப்போது யாரும் கூப்பிடுவதுமில்லை.

ஜூலையில் இங்கே கடுங்குளிர். கம்பளிச் சட்டை எடுத்துவை.

உன்
நூருல் அமீன்

* * *

காரைக்கால்
9 டிசம்பர் 2023

அன்பு மச்சானுக்கு,

ஸலாம். உங்கள் கைக்குட்டைக் கதையைப் படித்துச் சிரித்ததில் உம்மா எழுந்துவந்து பார்த்தார்கள். கல்யாண வீட்டில் சஹனைச் சுற்றி நாலு பேர் உட்கார்ந்து ஒரே தட்டில் கை போடுகிறீர்களே, அப்போது எங்கே போனது இந்தக் கைக்குட்டை? நம் ஆள் கை என்றால் பரக்கத், அவர்கள் வாய் என்றால் எச்சிலா? ஒரு சஹனில் சாப்பிட்டவன் மற்றவனைப் பசியோடு விட மாட்டான் என்று வாப்பா சொல்வார். போய் அந்தக் கிழவியிடம் மன்னிப்புக் கேளுங்கள். கண்ணை மூடிக்கொண்டு பிஸ்மி சொல்லிக் குடியுங்கள்.

ஜெர்மன்காரர் வந்ததை எழுதினீர்கள், ஆப்பிரிக்காக்காரர் வந்ததை எழுதினீர்கள். நான் கேட்டதை எழுதவில்லை. ஆறு எவ்வளவு தூரம்?

உங்கள்
அஸ்ஃபியா

* * *

தெற்கு பிரேசில்
21 ஜனவரி 2024

அன்புள்ள அஸ்ஃபியாவுக்கு,

உன் சொல்படி போனேன். டோனா இல்ஸேவிடம் சஹனைப் பற்றிக் கைச்சாடையில் சொன்னேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். குடுவையை நிரப்பி முதலில் எனக்குத்தான் கொடுத்தார். துடைக்காமல் குடித்தேன். வேப்பங்கொழுந்து கசப்பு. ‘நன்றி’ மட்டும் சொல்லவில்லை. எனக்கென்று ஒரு நாற்காலி போட்டுவிட்டார். ஒரு நாள் போகாவிட்டால் வந்து கதவைத் தட்டுகிறார். இஃபாத்துக்கு மஞ்சள் நூலில் தொப்பி பின்னுகிறார்.

கம்பெனியில், வடக்கே பாஹியா மாநிலத்துக்காரர் ஒருவர் சொன்னதைக் கேள். அவர் ஊரில் அடிமைகளாயிருந்த ஆப்பிரிக்க முஸ்லிம்கள் 1835இல், ரமலான் மாதத்தில், வெள்ளை அங்கி போட்டுக்கொண்டு எதிர்த்து எழுந்தார்களாம். கழுத்துத் தாயத்துக்குள் குர்ஆன் ஆயத்து. தோற்றுப்போனார்கள். சொல்லும்போது அவர் கண் கலங்கியது, எனக்கும்தான். நான் அறுக்கும்போது ‘பிஸ்மில்லாஹி அல்லாஹு அக்பர்’ சொல்கிறேனே, அந்தச் சொல் இந்த மண்ணுக்குப் புதிதில்லை. நீ பயப்பட எதுவும் இல்லை.

விசாவுக்கான காகிதங்கள் வந்துவிட்டன.

உன்
அமீன்

* * *

காரைக்கால்
14 மார்ச் 2024

அன்பு மச்சானுக்கு,

ஸலாம். மே இருபதுக்கு டிக்கெட் போட்டாயிற்று. நோன்பு திறக்கும் நேரத்தில் உம்மாவிடம் சொன்னேன். பேரீச்சம்பழத்தைக் கையிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்கள். “ஒரு புள்ளைய தண்ணிக்குக் குடுத்தேன். நீயும் தண்ணி தாண்டிப் போறியாம்மா?” என்று மட்டும் கேட்டார்கள்.

வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். ஆனால் பெட்டியில் வைத்த துணியை மறுபடி மறுபடி வெளியே எடுத்துவிடுகிறேன். அங்கே நவம்பரிலும் அதற்கு முன்பும் வெள்ளம் வந்ததாகப் படித்தேன். ஆறு பக்கத்தில்தான் என்று எழுதியிருந்தால் இவ்வளவு பயந்திருக்க மாட்டேன் மச்சான். எல்லாவற்றையும் எழுதுகிற மனுஷன் இதை மட்டும் எழுதாமல் விடுகிறீர்களே, அதுதான் என்னைத் தின்கிறது.

அஸ்ஃபியா

* * *

காரைக்கால்
2 மே 2024

மச்சான்,

எங்கே இருக்கிறீர்கள்? முந்தாநாளிலிருந்து ஃபோன் போகவில்லை. டிவியில் உங்கள் பக்கத்தைக் காட்டினார்கள். தெருவே தெரியவில்லை, கூரைகள்தான் மிதக்கின்றன. சாச்சி டிவியை அணைத்துவிட்டார்கள்.

நீங்கள் அனுப்பிய வீட்டுப் படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்க்கிறேன். அந்தக் கோட்டையும் தாண்டியிருக்குமா? ராத்திரி வேலை முடிந்து பகலில் தூங்குவீர்களே, தூங்கிக்கொண்டிருந்தீர்களா?

அன்று லாத்தாவை வாப்பா தேடினார். உங்களைத் தேட அங்கே யார் இருக்கிறார்கள்? திட்ட மாட்டேன். ஆற்றைப் பற்றி இனிக் கேட்கவே மாட்டேன். ஒரு எழுத்து எழுதுங்கள்.

அஸ்ஃபியா

* * *

முகாமிலிருந்து
8 மே 2024

அன்புள்ள அஸ்ஃபியாவுக்கு,

உயிரோடு இருக்கிறேன், அல்ஹம்துலில்லாஹ். ஃபோன் தண்ணீரோடு போய்விட்டது. கம்பெனிக்காரர் ஒருவரின் லேப்டாப்பில் எழுதுகிறேன். ஒரு பள்ளிக்கூடத்து விளையாட்டரங்கில் தரையில் மெத்தை போட்டிருக்கிறார்கள்.

ஆறு எவ்வளவு தூரம் என்று கேட்டாய். டோனா இல்ஸே வீட்டுக்குப் பின்னால் வாழைத்தோட்டம், அதற்கு அப்பால் ஆறு. கூப்பிட்டால் கேட்கும் தூரம். எழுதினால் நீ வர மாட்டாய் என்று பயந்தேன். அந்தக் கோடு போன செப்டம்பர் வெள்ளத்தின் கோடு. இந்த முறை தண்ணீர் கூரையையும் மூடிவிட்டது.

நான் தூங்கிக்கொண்டுதான் இருந்தேன். மத்தியானம் கதவை இடித்தார்கள். டோனா இல்ஸே முழங்கால் தண்ணீரில், கையில் குச்சியோடு நின்றார். “அமீன், மேலே! மேலே!” என்று கத்திக்கொண்டே என் சட்டையைப் பிடித்து இழுத்தார். நான் அவர் கையைப் பிடித்தேன். உதறிவிட்டு அடுத்த வீட்டைக் காட்டினார். அங்கே கைக்குழந்தைக்காரி. மேட்டில் ஏறித் திரும்பிப் பார்த்தேன். அந்தப் பெண் பிள்ளையோடு வந்துகொண்டிருந்தாள். பின்னால் இவரைக் காணோம். இன்னும் கிடைக்கவில்லை.

இங்கே முகாமிலும் மாலையில் குடுவை சுற்றுகிறது. அவர் முறை வரும்போது குடுவையை ஒரு கணம் தரையில் வைக்கிறார்கள். பிறகு என்னிடம் தருகிறார்கள்.

நீ வர வேண்டாம். நான் மறைத்ததற்கு நீ என்ன தண்டனை கொடுத்தாலும் சரி. அங்கிருந்தே ‘நன்றி’ என்று ஒரு வரி எழுதினால் போதும், புரிந்துகொள்வேன்.

அமீன்

* * *

காரைக்கால்
10 மே 2024

அன்பு மச்சானுக்கு,

ஸலாம். உங்கள் மெயிலை உம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். நெற்றி தரையில் பட ஸஜ்தாவில் விழுந்தார்கள். எழுந்ததும், “அந்தக் கெழவி பேரு என்னம்மா?” என்று கேட்டு, லாத்தாவுக்கு துஆச் செய்யும்போது அவரையும் சேர்த்துக்கொண்டார்கள்.

உங்கள் மேல் கோபம் இருக்கிறது. நேரில் தீர்த்துக்கொள்கிறேன். மேட்டில், மாடியுள்ள வீடாகப் பாருங்கள். சுவரில் கோடு இருந்தால் உள்ளே காலை வைக்க மாட்டேன். ஏர்போர்ட் மூழ்கிக் கிடக்கிறதாம். டிக்கெட்டை மாற்றச் சொல்லியிருக்கிறேன், ரத்துச் செய்யவில்லை. எனக்குப் பயம் போகவில்லை மச்சான், போகவும் போகாது. பயத்தையும் ஒரு பெட்டியாகக் கட்டித் தூக்கிக்கொண்டு வருகிறேன். லாத்தாவைக் கூப்பிட அன்று ஒருவரும் வரவில்லை. உங்கள் கதவைத் தட்ட ஒருத்தி வந்தாள். அவள் நாற்காலியை எடுத்துவிட வேண்டாம் என்று அவர்களிடம் சொல்லுங்கள். நான் வந்து அதன் பக்கத்தில் உட்கார வேண்டும்.

குழாயைத் துடைக்க மாட்டேன். ‘நன்றி’ சொல்லச் சொன்னீர்கள். நான் இன்னும் வாயே வைக்கவில்லை.

உங்கள்
அஸ்ஃபியா